வெறும் வாய்

வெயில் ஏறுவதற்குள் இலையைப் பிரித்துவிட வேண்டும். காய்ந்த புகையிலை அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்கினால் மேஸ்திரி சேவியரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் எரியோட்டிலிருந்து வரும் வேன் விடிகாலை ஐந்து மணிக்கே பெண்களைக் கொண்டுவந்து புகையிலைக் கிட்டங்கி வாசலில் இறக்கிவிடும். பனிப்பதத்தில் இருக்கும் கட்டுகளைத் தரையில் ஓங்கி அடித்து, உதறி, இலை இலையாகப் பிரித்து, நடு நரம்பைக் கிழித்தெடுத்து, கருப்பட்டித் தண்ணீர் தெளித்து அடுக்க வேண்டும். முதல் அடியிலேயே தூசி கூரைவரை எழும்பும். பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தும்முவார்கள்.

அன்றைக்குப் பேச்சாயி தும்மியபோது அவள் வாயில் ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

முந்தின நாள் ஜக்கம்மாளுக்குக் கருமாதி. ஜக்கம்மாள் இதே கிட்டங்கியில் அவள் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்து வேலை செய்தவள். செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது ஊர் வழக்கம். இலையில் பணியாரமும் கத்தரிக்காய் வெஞ்சனமும் வைத்தார்கள். பேச்சாயி மடியிலிருந்து நல்ல புகையிலையாக ஒரு துண்டை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். சிநேகிதிக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்தாள். கன்னம் அழுகி ஓட்டை விழுந்து, குடித்த தண்ணீர் அந்த வழியே வடிந்து செத்தவளுக்குப் புகையிலை வைத்துக் கும்பிடுகிறோமே என்று அவளுக்கு உறைக்கவில்லை. கூடியிருந்த யாருக்கும் உறைக்கவில்லை. ஜக்கம்மாளின் மகள் தமிழ்மதிக்குத்தான் உறைத்தது. பத்தாவது படிக்கிற பிள்ளை அவள்.

“எங்கம்மாவக் கொன்னதையே எங்கம்மாவுக்குப் படைக்கிறீகளா அத்தை?” என்று கேட்டு, துண்டை எடுத்து வாசலில் வீசினாள்.

நாளையிலிருந்து நான் புகையிலையை விட்டுவிடுகிறேன் என்று பேச்சாயி பதறிச் சொன்னாள். பிள்ளை நம்பவில்லை. “சாயங்காலம் வேன்ல எறங்குறப்ப வந்து வாயை மோந்து பாப்பேன்” என்றாள்.

சொல்வது லேசு. கள்ளுக்கடையில் உட்கார்ந்துகொண்டு குடியை விடுவது மாதிரிதான் இது. எட்டு மணிக்கெல்லாம் பேச்சாயிக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. விரல் பிசகி நரம்போடு இலையும் கிழிந்து வந்தது. விரலிடுக்கில் எல்லாம் புகையிலைப் பிசின். வேர்வையைத் துடைக்கப் போனால் உதட்டில் அந்தக் காரம் படும். படும்போதெல்லாம் வாய் நிறைய எச்சில் ஊறும்.

பக்கத்துச் சாக்கில் யாரும் உட்காரவில்லை. அங்கிருந்துதான் அந்தக் குரல் வந்தது.

“ஒரு துண்டு குடு மதினி.”

கடைசி நாட்களில் காற்று ஒழுகப் பேசிய அதே குரல். பேச்சாயி திரும்பிப் பார்க்கவில்லை. கேட்பது ஜக்கம்மாளா, தன்னுடைய வாயேதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரானால் என்ன, அந்தக் குரலுக்கு அவள் பதில் சொல்லியாக வேண்டியவள். கல்யாணமான புதிதில் வெறும் வயிற்றோடு வேலைக்கு வந்து ஜக்கம்மாள் மயங்கி விழுந்தபோது, பசி தெரியாது, அதக்கிக்க என்று முதல் துண்டை அவள் கடைவாயில் வைத்தது பேச்சாயியின் விரல்தான். அந்த விரலை அவள் இப்போது பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

பத்து மணிக்குச் சேவியர் முறத்தோடு வந்தார். ஆளுக்கு ஒரு துண்டு, காலையும் மதியமும் கம்பெனி சும்மா கொடுப்பது. தர்மப் பிரபு என்று முதலாளிக்குப் பெயர். வேண்டாம் என்றால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும். பேச்சாயி வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் அதக்கினார்கள். அதக்கினால் பசி மந்தித்துவிடும், பேச்சும் நின்றுவிடும். இலையில் ஒரு பொட்டு எச்சில் தெறித்தாலும் அன்றைக்கு வேலையில்லை. துப்ப வேண்டுமானால் மேஸ்திரியிடம் ஜாடை காட்டிவிட்டுக் கொல்லைக் கதவோரம் இருக்கும் தகரத்துக்குப் போக வேண்டும். ஆகவே யார் என்ன கேட்டாலும் எல்லோரும் ‘ம்ம்’ என்று தலையாட்டுவார்கள்.

“ஒரே ஒரு துண்டு மதினி” என்றது குரல். பொத்திய கை தானாக வாய்க்கு ஏறியது. காரம் நாக்கு நுனியில் பட்டுவிட்டது.

அப்போது முதலாளி கண்ணுசாமி உள்ளே வந்தார். மெதுவாகப் பேசுகிறவர், கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. லாரி சீக்கிரம் கிளம்ப வேண்டியிருப்பதால் நாளை முதல் சாப்பாட்டுக்கு வெளியே போக வேண்டாம் என்றார். இருந்த இடத்திலேயே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அந்த அரை மணிக்குப் பதிலாக இன்னொரு துண்டு புகையிலை தரச் சொல்லியிருக்கிறார்.

“என்ன, எல்லாருக்கும் சம்மதந்தான?”

பதினொரு தலைகள் வழக்கம்போல ஆடின.

இவர் எப்போதும் புகையிலை கொடுத்த பிறகுதான் வருகிறார் என்பது பத்தொன்பது வருஷம் கழித்துப் பேச்சாயிக்கு அன்றுதான் பட்டது. போன வருஷம் டீயை நிறுத்தியபோதும் இப்படித்தான் தலை ஆடியது. அவள் எழுந்தாள்.

“எனக்குச் சம்மதமில்ல மொதலாளி.”

கிட்டங்கியில் அப்படி ஒரு பேச்சு கேட்டதே இல்லை. சேவியர் முறத்தைக் கீழே வைத்தார்.

“கட்டு முடியணுமேன்னு இந்தத் தூசிக்குள்ளயே, இந்தக் கையோட அள்ளித் தின்னவதான் ஜக்கம்மா. இந்தத் துண்டு எனக்கு வேணாம். எங்க சோத்து நேரம் வேணும்.” பொத்தியிருந்ததை அவர் காலடியில் வைத்தாள்.

கண்ணுசாமி சிரித்தார். “நீ மட்டுந்தானத்தா பேசுற. மத்தவுக யாரும் வாயத் தெறக்கலையே. அவுகளுக்குச் சம்மதம்.”

அந்த வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. காதர் பீவி எழுந்தாள். அந்தக் கிட்டங்கியில் எல்லோருக்கும் மூத்தவள். யாரிடமும் ஜாடை காட்டாமல் கொல்லைக் கதவுக்கு நடந்தாள். தகரத்தில் அவள் துப்பிய சத்தம் உள்ளே கேட்டது. அவளுக்குப் பின்னால் மலர்விழி போனாள். அப்புறம் ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் போனார்கள். துப்பி, குழாயில் கொப்பளித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். கண்ணுசாமி அதுவரை அந்தப் பெண்களின் பற்களைப் பார்த்ததில்லை.

“கையக் கழுவிட்டு, வெளிய புளியமரத்தடியில உக்காந்துதான் திம்போம்” என்றாள் காதர் பீவி.

“அப்ப நாளைக்கு வேன் வராது” என்றார் அவர், குரலை உயர்த்தாமலே.

“நடந்து வாரோம்” என்றாள் மலர்விழி.

அவர் போய்விட்டார். மதியம் அரை மணி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாளைக்கு அது உண்டா என்று யாருக்கும் தெரியாது. மதியத் துண்டைச் சேவியர் வீம்புக்குக் கொண்டுவரவில்லை. வாய் சும்மா இருந்ததால் எல்லோருக்கும் தலைவலி வந்தது, கொட்டாவி வந்தது, நடுவில் இரண்டு பேருக்குச் சண்டையும் வந்தது. ஆனால் பேசினார்கள். திண்டுக்கல்லில் தொழிலாளர் சங்கத்து ஆபீஸ் எந்தத் தெருவில் என்று மலர்விழிக்குத் தெரிந்திருந்தது. நாளைக்குக் கிட்டங்கிக் கதவைச் சாத்தினால் வாசலிலேயே உட்காருவது என்றும், அங்கிருந்து நேராகத் திண்டுக்கல் போவது என்றும் முடிவானது.

பக்கத்துச் சாக்கிலிருந்து குரல் இரண்டு தடவை கேட்டது. பேச்சாயி ஒவ்வொரு தடவையும், “இல்ல தாயி, மன்னிச்சுக்க” என்று வாய்விட்டே சொன்னாள். யாரிடம் பேசுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் எரியோட்டில் வேன் நின்றபோது தமிழ்மதி பள்ளிக்கூடப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். பேச்சாயி அவள் முன்னால் போய் வாயைத் திறந்தாள். சேலையில், முடியில், கையில் எல்லாம் புகையிலை நாற்றம். பிள்ளை கிட்டே வந்து கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். அந்தக் கறைபிடித்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேனில் இருந்து இறங்கிய யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

“காலையில நான் அதக்குனேன், பொய் சொல்ல மாட்டேன்” என்று காதர் பீவி முன்னால் வந்து குனிந்தாள். “பத்து மணிக்கு மேல இல்லத்தா. என் வாயையும் மோந்து பாரு.”

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள்.