சதை போடுது

தினமும் கடைக் கதவைத் திறப்பதற்கு முன் தையல்காரருக்கு ஒரு வேலை இருந்தது. மனைவியின் வயிற்றைச் சுற்றிப் பட்டி கட்ட வேண்டும். அன்றைக்குப் பச்சைப் பட்டி. அவளுடைய சட்டைக்குப் பொருத்தமாக, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, ஓரம் மடித்து, நாடா வெளியே தெரியாமல் தைத்திருந்தார். கட்டி முடித்துச் சற்றுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். உள்ளே ஒரு குழாய் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

"இறுக்குதுங்க."

"அளவு சரியாத்தான் இருக்கு. நான் எடுத்த அளவு என்னைக்காவது தப்பியிருக்கா?"

"மூச்சு விடறதுக்கும் கொஞ்சம் அளவு விட்டிருக்கலாம், மாஸ்டர்," என்றாள் அவள். கணவரைக் கிண்டல் செய்யும்போது மட்டும் அவர் 'மாஸ்டர்' ஆகிவிடுவார்.

போன வருடம் பக்கவாதம் வந்ததில் அவளால் விழுங்க முடியாமல் போயிற்று. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் புரையேறியது. டாக்டர்கள் வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். சாப்பாடு, மருந்து, தண்ணீர் எல்லாம் அதன் வழியாகத்தான். பேச்சு கொஞ்சம் குழறியது. வாய்த்துடுக்குக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

கடை முன்னால், வீடு பின்னால். பட்டன் தைப்பதும், வருகிறவர்களிடம் வாயடிப்பதும் அவள் பொறுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் குழாயோடு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டை வாங்க வந்த டீச்சர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அய்யோ, வயித்துல பைப்பா?" என்று உச்சுக் கொட்டினார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். தையல்காரருக்குத்தான் சுருக்கென்றது. மறுநாளே நாற்காலி உள்ளறைக்குப் போயிற்று. பட்டியும் வந்தது. யாராவது விசாரித்தால், தூங்குகிறாள் என்று சொல்லிவிடுவார். எல்லாம் அவள்மேல் உள்ள பிரியத்தில் செய்ததுதான், பாவம்.

சில வாரங்களில் குழாயைச் சுற்றி ஈரம் கசிந்தது. அவர் ஸ்பாஞ்சை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கினார். தோல் சிவந்து, புள்ளி புள்ளியாகத் தடித்தது. எரிகிறது, அரிக்கிறது என்றாள். ஆறுகிற புண் அரிக்கத்தானே செய்யும் என்றார். ஒருநாள் துளையின் ஓரத்தில் ஈரமும் பளபளப்புமாகச் சிவப்புச் சதை எழும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? சதை போடுது. புண்ணு ஆறிட்டே வருது!"

அவள் பதில் பேசவில்லை. அவளாவது, பதில் பேசாமல் இருப்பதாவது! அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, சாப்பாடு ஏற்றப் போனால் பசிக்கவில்லை என்று கையைத் தட்டிவிட ஆரம்பித்தாள். குழாய் லேசாக அசைந்தாலே உயிர் போகிற வலி என்பதை அவள் சொல்லவில்லை.

அவளுடைய சட்டையில் விட்டுப்போன ஒரு தையலைப் போட உட்கார்ந்தவர், அதை அவள்மேல் வைத்துப் பார்த்தார். தோளிலிருந்து வழிந்து விழுந்தது. அவரே அளவெடுத்துத் தைத்த சட்டை. துணி நீளாது, மனுஷிதான் இளைத்திருக்கிறாள். சதை போடுது, சதை போடுது என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, இருக்க வேண்டிய இடத்தில் சதையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

நர்ஸ் பட்டியை அவிழ்த்தார். உள்பக்கம் ரத்தக் கறை.

"இதை யார் தெச்சது?"

"நான்தாங்க."

"தையல் ரொம்ப அழகா இருக்கு. ஆனா புண்ணுக்குக் காரணமே இதுதான். குழாய் இதுக்குள்ள மடங்கி, நடக்கும்போதெல்லாம் உரசியிருக்கு. அதனால வேண்டாத இடத்துல சதை வளந்திருக்கு. இது ஆறுற சதை இல்லங்க. சுத்தி இருக்கிற சிவப்பு பூஞ்சை. ஈரத்தை இப்படி மூடி வெச்சா அது குடும்பமே நடத்தும்."

டாக்டரும் வந்து பார்த்தார். பக்கத்துத் தோலில் படாமல், குச்சி நுனியில் இருந்த மருந்தை நர்ஸ் அந்தச் சதைமேல் மட்டும் தொட்டு வைத்தார். சிவப்பு சாம்பல் நிறமாக மாறியது. இதை வீட்டில் செய்யக் கூடாது என்றார். பூஞ்சைக்கு டாக்டர் தனியாகக் களிம்பு எழுதினார். தினமும் கழுவி, ஒற்றி எடுத்து, காற்றுப்பட விட வேண்டும். குழாய் ஆடாமல் இருக்க லேசாக ஒட்டினால் போதும். சிவப்பு பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வந்துவிட வேண்டும்.

தையல்காரர் தலை நிமிரவில்லை. மனைவிதான் அவருக்காகப் பரிந்து பேசினாள். "அவரைத் திட்டாதீங்க. நான் அழகா இருக்கணும்னுதான் தெச்சாரு." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஆனா மாஸ்டர், இப்ப எனக்கு இதுதான் வாய். பொண்டாட்டி வாயை யாராவது துணியால கட்டி வைப்பாங்களா?"

நர்ஸ் சிரித்தார். தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

புண் ஆற நாளாயிற்று. இரண்டு முறை போய் மருந்து வைத்துக்கொண்டு வந்தார்கள். எரிச்சல் அடங்கியதும் பசி திரும்பியது. இளைத்தபோது பிடித்துத் தைத்திருந்த அவள் சட்டைகளைப் பிரித்து மறுபடி பெரிதாக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்தார். பக்கவாட்டில் சின்னத் திறப்பு வைத்து, குழாய் மடங்காமல் வெளியே வர வழியும் செய்தார். நாற்காலி மறுபடி கடைக்கு வந்தது.

அந்த டீச்சரும் மறுபடி வந்தார். கண் நேரே குழாய்க்குப் போயிற்று. "இன்னுமா எடுக்கல?"

தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"அதுலதாங்க அவ சாப்பிடுறா. நாலு பேர் பார்வைக்குப் பயந்து நான் அதை மூடி வெச்சேன். உள்ளயே புண்ணாச்சு, பட்டினி கிடந்தா. நோயை மறைக்கிறதா நெனச்சு மனுஷியையே மறைச்சுட்டேன். வெக்கப்பட வேண்டியது குழாயைப் பாத்து இல்லங்க, அதைப் பாத்து வெக்கப்பட்டோம் பாருங்க, அதுக்குத்தான்."

டீச்சர் நாற்காலிப் பக்கம் நெருங்கி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க அப்பாவுக்கு மூத்திரப் பை போட்டிருக்கு. ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. நாங்களும் வாங்கன்னு கூப்பிட்டதில்ல. அவருக்கு இந்த மாதிரி வசதியா ஏதாவது தெச்சுத் தருவீங்களா?"

"அதுக்கென்ன, கூட்டிட்டு வாங்க," என்றாள் நாற்காலியில் இருந்தவள், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. "அளவு நான் எடுக்கிறேன். மாஸ்டர் இறுக்கிடுவாரு."