பதினெட்டாயிரம் சைவப் பெட்டிகள்

பெட்டியில் அடைத்து விற்கிற பேர்த்டே கேக்கைப் பற்றிச் சிவானியிடம் கேட்டால் அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை ஒன்று வராது. இத்தனைக்கும் அதைச் செய்கிற கொம்பனியில் ஏழு வருஷமாகத் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக இருப்பவள் அவள்தான். பெட்டியின் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் கிடக்கிற பட்டியலை எழுதியவளும் அவளே. முதலில் சீனி, பிறகு கோதுமை மா, பிறகு பாம் எண்ணெய், பிறகு குளுக்கோஸ் பாகு, அதாவது இன்னொரு தரம் சீனி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் இலக்கங்கள். பொங்கி நிற்க ஒரு இலக்கம், பூஞ்சணம் பிடிக்காமலிருக்க இரண்டு, ரோஸ் நிறத்துக்கு ஒன்று. கேக்கில் ஸ்ட்ரோபெரி வாசம் மூக்கைத் துளைக்கும். கொலன்னாவையில் இருக்கிற அந்தத் தொழிற்சாலைக்குள் ஒரு ஸ்ட்ரோபெரிப் பழம் இன்றுவரை காலடி வைத்ததில்லை.

நூறு கிராமுக்கு முப்பத்தெட்டுக் கிராம் சீனி. சீனி கூடின சாமானுக்குப் பெட்டியில் சிவப்பு வட்டம் போட வேண்டும். முதலாளி நாகேந்திரம் அந்த வட்டத்தைக்கூடச் சும்மா விடவில்லை. சுற்றிவர மஞ்சளும் நீலமுமாகப் பலூன்களை வரைவித்து, சிவப்பு வட்டத்தின் கீழேயும் ஒரு நூலைத் தொங்கவிட்டார். இப்போது அதுவும் ஒரு பலூன். சனம் பார்த்துவிட்டு, பெட்டி நல்ல வடிவு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போகிறது.

வாங்குகிற சனத்தின்மேல் அவளுக்கு இன்னும் இளக்காரம். கொழும்பு வெள்ளவத்தையில் வெள்ளிக்கிழமை என்றால் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் அடுப்பேறாத சைவ வீடுகள் எத்தனையோ. அதே வீட்டு ஆட்கள் ஒப்பீசில் யாராவது கேக் வெட்டினால் விரதத்தோடு ஒரு துண்டை எடுத்து வாயில் போடுவார்கள். முட்டை இருக்குமே என்று கேட்டால், "அது மாவோட கலந்து போச்சுத்தானே" என்பார்கள். ஆனால் தங்கள் வீட்டுப் பிறந்தநாள் வெள்ளியிலோ கந்தசஷ்டியிலோ வந்துவிட்டால், நாலு பேர் பார்ப்பார்கள் அல்லவா, அப்போது மட்டும் கடையில் நின்று பெட்டியை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்காகவே நாகேந்திரம் பெட்டியின் முன்பக்கத்தில் குத்துவிளக்குப் படம் போட்டு, அதன் கீழே 'சுத்த சைவம், முட்டையற்றது' என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தார். அந்தக் கேக் விலைப்படுவதே அந்த ஒரு வரியால்தான்.

முட்டைக்குப் பதிலாகச் சேர்க்கிற சோயா மா துறைமுகத்தில் சிக்கிய கிழமைதான் விஷயம் கெட்டது. சிவானி கலவை அறைக்குள் போனபோது பையன்கள் வேறொரு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டையில் முட்டைப் பவுடர் என்று எழுதியிருந்தது. அவள் நேரே நாகேந்திரத்தின் அறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை ஆதலால் மனுஷன் நெற்றி நிறையத் திருநீறோடு இருந்தார்.

"பிள்ளை, முட்டை எண்டா என்ன? கோதோட கிடக்கிறது. இது பவுடர். பால்மா மாதிரி ஒரு மா" என்றார்.

"முட்டையைக் காய வைச்ச மா, சேர்."

"காய்ஞ்ச பிறகு அதில என்ன உயிர் கிடக்கு?"

சிவானிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அப்ப பின்பக்கத்தில முட்டை இருக்கெண்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவம்."

"சுத்த சைவம் எண்டு அடிச்ச பெட்டியில முட்டை எண்டு ஒட்டினா ஆர் வாங்கிறது? பதினெட்டாயிரம் பெட்டி அடிச்சு ஸ்டோரில கிடக்கு. அது முடியட்டும். அதுக்குள்ள சோயாவும் வந்திடும். நீர் சைன் பண்ணும்."

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தாள் உண்டு. கலவையும் லேபிளும் ஒன்றே என்று அதில் அச்சடித்திருக்கும். அதன் கீழே சிவானி கையெழுத்து வைத்தால்தான் லொறி வெளிக்கிடும். தாளை அவள் முன்னால் தள்ளிவிட்டு நாகேந்திரம் ட்ரைவர் றமேஷைக் கூப்பிட்டார். சோயா போட்ட போன கிழமைத் தொகுதியில் ஆறு பெட்டி எடுத்துத் தன்னுடைய வீட்டில் கொடுக்கும்படி சொன்னார். மனைவி சரோஜினிதேவி விரதகாரி. ஊருக்கென்றால் அது வெறும் மா, தன் வீட்டுக்கென்றால் மட்டும் அது முட்டை. இப்படி ஒரு பக்தியைச் சிவானி கண்டதேயில்லை.

அவள் கையெழுத்து வைத்தாள். பயந்து வைத்தாள் என்றால்கூட மன்னிக்கலாம். இளக்காரத்தில் வைத்தாள். தெரிந்தே முட்டை தின்கிற சனம்தானே, இரண்டு கிழமை தெரியாமல் தின்னட்டும், ஒருவரும் மோட்சத்தைத் தவறவிடப் போவதில்லை என்று நினைத்தாள். பேனாவை மூடும்போது எதிர் வீட்டு நிம்றாவின் ஞாபகம் ஒரு கணம் வந்தது. அந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது. இரண்டு வயதில் யாரோ கொடுத்த பட்டர் கேக்கைத் தின்று தொண்டை வீங்கி, மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தது. அதற்குப் பிறகு தாய் பஹ்மியா கேக் என்ற சாமானையே வீட்டுக்குள் விடுவதில்லை. புதிதாக எதை வாங்கினாலும் சிவானியிடம் கொண்டுவந்து, பின்பக்கத்து எழுத்தை வாசிக்கச் சொல்லி, அவள் சரி என்றால்தான் பிரிப்பாள். குத்துவிளக்குப் படம் போட்ட பெட்டியை ஒரு முஸ்லிம் வீட்டில் வாங்கவா போகிறார்கள் என்று சிவானி தாளை மடித்துக் கொடுத்துவிட்டாள். எந்தச் சனம் எதை வாங்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

ஒன்பது நாள் கழித்து, ஞாயிறு பின்னேரம், பஹ்மியா வந்து அவளுடைய கதவைத் தட்டினாள்.

"சிவானி, வாங்க, நிம்றாக்கு இண்டைக்கு ஆறு வயசு. கேக் வெட்டப் போறம்."

"என்ன கேக்?"

"உங்கட கொம்பனி கேக்தான். அவர் புறக்கோட்டைல கடை பூட்டிட்டு வரக்குள்ள வாங்கி வந்தார். முட்டையும் இல்ல, ஜெலட்டினும் இல்ல. சைவம்ண்டா எங்களுக்கும் ஹலால்தானே. இத மட்டும் உங்ககிட்டக் காட்டவே தேவல்ல, நீங்களே பாத்துச் செய்யிற சாமான்தானே."

சிவானி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அங்கே மேசையில் ரோஸ் நிறக் கேக் இருந்தது. பக்கத்தில் குத்துவிளக்குப் பெட்டி. தகப்பன் அஷ்பாக் போனைப் பிடித்துக்கொண்டு படமெடுக்க நின்றார். மினுங்கல் சட்டை போட்ட நிம்றா, ஜென்மத்தில் முதல்முறையாகத் தன் பெயரில் வந்த கேக்குக்கு முன்னால் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய விரல் ஐசிங் பூவுக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்தது.

சிவானி கேக்கைத் தட்டோடு தூக்கிவிட்டாள்.

"இதைக் குடுக்காதேங்கோ. இதில முட்டை இருக்கு."

பிள்ளை முதலில் சிரித்தது, விளையாட்டு என்று நினைத்து. பிறகு அழத் தொடங்கியது. பஹ்மியா அதன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்து, ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஒன்றும் படவில்லை. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள்.

"முட்டை இல்லண்டு எழுதி ஈக்கே."

"ஓம்."

"யார் எழுதின?"

"நான்தான். முட்டை போட்டது தெரிஞ்சும் சைன் வைச்சனான்." கேக் தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள். "நீங்கள் வாங்குவீங்கள் எண்டு நினைக்கேல்லை."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு கேவலமானது என்று அவளுக்கே விளங்கியது. நாகேந்திரம் தன் வீட்டுக்கென்று ஆறு பெட்டியை ஒதுக்கிவைத்தார். இவள் அதைக்கூடச் செய்யவில்லை.

"வேற எந்தக் கடையில எல்லாம் ஈக்கு இது?" என்று அஷ்பாக் கேட்டார்.

சிவானி போனை எடுத்தாள். கொம்பனிக் கேக் எடுக்கிற கடைக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வட்ஸ்அப் குறூப்பில், நின்ற நிலையிலேயே எழுதினாள். 'சைவம் என்று அடித்த கேக்கில் முட்டை இருக்கிறது. விற்க வேண்டாம். வாங்கினவர்களுக்குச் சொல்லுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு ஆபத்து. சிவானி, தரக்கட்டுப்பாடு.' அனுப்பி ஒரு நிமிஷம் ஆகவில்லை, நாகேந்திரம் கோல் எடுத்தார். அவள் கட் பண்ணினாள். திரும்ப எடுத்தார். திரும்பவும் கட் பண்ணினாள். நாளைக்கு வேலை இல்லை, அது நிச்சயம். வெட்கம் ஒரு பக்கம் கிடக்க, நெஞ்சில் ஒரு சின்ன நிம்மதியும் வந்தது. இவ்வளவையும் இவர்கள் கண்ணுக்கு முன்னால்தானே செய்தேன் என்று நினைத்துக்கொண்டு பஹ்மியாவைப் பார்த்தாள்.

பஹ்மியா அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்திருந்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எதையோ யோசிக்கிற முகம்.

"அப்ப இவளவு நாளும் நீங்க சரி செல்லித் தந்த பிஸ்கட், நூடில்ஸ், அதெல்லாம்?"

"ஐயோ, அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை, பஹ்மியா. நான் வடிவாப் பாத்துத்தான் சொன்னனான்."

"அதையும் நீங்கதானே செல்றீங்க."

அதைச் சொல்லிவிட்டு அவள் பிள்ளையோடு குசினிக்குள் போனாள். சிவானி கேக் தட்டை வைக்க இடம் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். உள்ளே அலுமாரிக் கதவு திறந்தது. பிறகு பக்கெற்றுகள் ஒவ்வொன்றாகக் குப்பைப் பைக்குள் விழத் தொடங்கின.