உறையாத பாசி

பாலக்கரையில் கமருன்னிசா அன்று நோன்பு திறப்பதற்குக் பாலில் கட்டியாக உறையவைக்கும் கடல்பாசி காய்ச்சினாள். அஸர் தொழப் போகும்போது கணவன் அப்துல் சலாமிடம் கரண்டியைக் கொடுத்து, பாசி முழுக்கக் கரையும்வரை கிண்டச் சொன்னாள். பாதியில் அவனுடைய அண்ணன் நஸ்ருல்லா போன் செய்து, நோன்பு திறக்க வருவதாகச் சொன்னார். அந்தப் பதற்றத்தில் சலாம் அரைகுறையாகக் கரைந்ததைப் பாலோடு கலந்து தட்டில் ஊற்றிவிட்டான்.

நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு அவள் தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். ரோஸ் நிறப் பால் ஓரத்துக்கு ஓடியது.

தட்டை அப்படியே மூடிவைத்தாள். அவளுக்கு வேறு கவலை. மகள் ஷாஜியா நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அதற்குள் நஸ்ருல்லா துபாயில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். படிப்பை விடமாட்டேன் என்று பெண் அழுதாள். அண்ணனிடம் தானே பேசுவதாகச் சலாம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நஸ்ருல்லா வந்தார். கஞ்சியைக் குடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். கையில் எடுத்த பேரீச்சம்பழத்தோடு சலாம் அப்படியே உறைந்துபோனான். கமருன்னிசா இருமிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"தட்டுல உறைய வேண்டியது தண்ணியா ஓடுது. நீங்க என்னடான்னா அண்ணன் முன்னாடி உறைஞ்சு உக்காந்திருக்கீங்க. எதைத்தாங்க ஒழுங்கா செய்வீங்க?"

இப்போதே சொல்வதாகப் போனவன், அண்ணனுக்கு இன்னொரு வடை வைத்தான்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். "மச்சான், ஷாஜியா படிப்ப முடிக்கட்டும். அதுவரைக்கும் மாப்பிள்ளை வேணாங்க."

நஸ்ருல்லா அவளைப் பார்க்காமல் தம்பியிடம் கேட்டார். "நீ என்ன சொல்றே?"

சலாமின் முகம் வெளுத்தது. உதடு மட்டும் அசைந்தது. எல்லாம் போயிற்று என்று கமருன்னிசா நினைத்தபோது, "அவ சொல்றதுதாண்ணே" என்றான். பாதி சத்தம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

வேண்டாமென்று அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இனி இந்த வீட்டு விஷயத்துக்கு என்னிடம் வராதே என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமலே நஸ்ருல்லா எழுந்து போனார்.

உள்ளறையிலிருந்து ஷாஜியா வந்தாள். சலாம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பெரியத்தாகிட்ட அத்தா கறாரா பேசிட்டேன்மா. நீ படி" என்றான்.

கமருன்னிசா வாயைத் திறந்தாள். மகள் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமருன்னிசா நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, ஆறிப்போன வடைகளை எடுத்து வைக்கப் போனாள்.