மாடிப்படி ஸ்டென்ச்

1

உண்மையச் சொல்லிடறேன், இந்தக் கதை என் மண்டைல உதிக்கல. எங்க சாரம் ஏரியா வீட்டு வாட்ஸாப் குரூப்புல வந்துச்சு. வீட்டுக்காரர் முசியே நாராயணசாமி, முசியேன்னா பிரெஞ்சுல ஐயா, இங்கிலீஷ்ல போட்டிருந்தார்: மாடிப்படியில ஒரே ஸ்டென்ச், காரணமானவங்க இந்த மாசத்தோட காலி பண்ணணும். பேரு போடல. எதுக்குப் போடணும்? இங்க கருவாடு விக்கிறவ நடு போர்ஷன் தில்லையம்மா ஒருத்திதான்.

அவளுக்கு வேற எவன் வீடு குடுப்பான்? திரும்ப அவ சொந்த ஊரு, கடலோரம் கனகசெட்டிக்குளம்தான். பொண்ணு கவிநிலா பிளஸ் டூ. பள்ளிக்கூடம் இங்க, வீடு அங்கன்னு ஆயிடும்.

முதல் வரி இப்படி எழுதினேன்:

கடற்காற்றில் கருவாட்டின் மணம் மிதந்து...

(வேணாம். கடல்னு தொடங்கினா அலை வரும், அலை வந்தா அழுகை வரும். தில்லையம்மா அழற ஆளு இல்ல.)

2

ஸ்டென்ச்னா என்னான்னு போன்ல தேடினேன். நாத்தமாம். ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரன் பூ வாசனையையும் அந்த வார்த்தைலதான் சொன்னானாம். அப்புறம் அவன் நாட்டப் பிடிக்க பிரெஞ்சு பேசற ராஜா ஒருத்தன் வந்தான். சென்ட், ஓடர், பெர்ஃப்யூம்னு நல்ல வாசனைக்கெல்லாம் பிரெஞ்சு வார்த்தை வந்து உக்காந்துச்சு. பழைய வார்த்தைக்குக் குப்பைத்தொட்டிதான் மிச்சம். நம்ம நாத்தம் மட்டும் என்ன, அதுவும் ஒரு காலத்துல பூவுக்குச் சொன்னதுதான்.

என் பேத்தி சுவேதா எட்டிப் பார்த்தா. “ஆயா, இத்த சொன்னா வீட்டுக்காரர் உட்டுருவாரா?”

பார்ப்போம்னு எழுதினேன்:

தில்லையம்மாள் நிமிர்ந்து நின்றாள். “ஐயா, ஸ்டென்ச் என்னும் சொல்லின் வேர்...”

(அடிச்சிட்டேன். வாடகைக்கு இருக்கறவ இப்படிப் பேசுவாளா?)

3

இனிமே நானா கதை கட்டறதுதான்.

தில்லையம்மாள் மாடியேறிக் கதவைத் தட்டினாள். நாராயணசாமி மூக்கில் கைக்குட்டையோடு திறந்தார்.

“முசியே, சரக்க மார்க்கெட்டுலயே வெச்சுப் பூட்டிட்டு வரேன். வூட்டுக்கு ஒரு நெத்திலி கொண்டாரதில்ல.”

“அப்ப இது இன்னா, மல்லிப்பூவா?”

“வந்து எங்க வூட்ட மோந்து பாருங்க.”

“உன் வூட்ட மோந்து பாக்கறதுதான் எனக்கு வேலையா?”

கீழே இருந்து அவர் மனைவி ஆதிலட்சுமியின் குரல் வந்தது. “இங்க வந்து இத மோந்து பாருங்க மொதல்ல.”

இருவரும் இறங்கினார்கள். படிக்கு அடியில் இருந்த அலமாரி திறந்து கிடந்தது. அவர் மகள் பாரிசிலிருந்து கொண்டுவந்த சீஸ், கத்திரி வெயிலில் உருகித் துணியைத் தாண்டி வழிந்திருந்தது.

“இட்லி மாவு இருக்கற ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்கன்னுதான சொன்னேன்? இங்கயா கொண்டாந்து ஒளிச்சு வெப்பீங்க?”

“பாரிசுல வெளியிலதான் வெப்பாங்க. பழுக்கணும்.”

“பழுத்துடுச்சு,” என்றாள் தில்லையம்மாள்.

(அவர் வெட்கப்பட்டார்னு அடுத்த வரி எழுதினேன். நம்பிக்கை வரல. அழிச்சிட்டேன்.)

நாராயணசாமி கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குனிந்து ஆழமாக முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

“நல்ல ஃப்ரொமாஜ். பிரெஞ்சு சீஸோட வாசனையே அதான்.”

“அப்ப குரூப்புல போட்டீங்களே, அந்த ஸ்டென்ச்?”

“அது வேற, தில்லையம்மா. அதுவும் கூட இருந்திருக்கும்.”

4

“இருக்கட்டும் முசியே. நாங்க இருக்கறதா, போறதா?”

நாராயணசாமி வாயைத் திறந்தார்.

(இங்க நிறுத்திட்டேன். ‘இரு’ன்னு எழுதிப் பார்த்தேன், அவர் வாய்ல அது ஒட்டல. ‘போ’ன்னு எழுத எனக்குக் கை வரல. மூணு பேரும் படிக்கட்டுலயே நிக்கறாங்க, அவர் வாயத் திறந்தபடி. அலமாரியும் திறந்துதான் கிடக்கு. அந்த நாத்தத்துல எவ்ளோ நேரம் நிப்பாங்க? படிச்சிட்டு சும்மா போயிடாதீங்க. சட்டுனு ஒண்ணு சொல்லுங்க.)