வெற்றிச்செல்வியின் குடலை நான் வெட்டவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததில்லை. அரியலூர் பஸ்ஸில் முன்சீட்டு அம்மா போனில் பேசியதை ஒட்டுக்கேட்டேன். "குடல் சுருங்கிப்போச்சாம்டி. வெட்டணும்னு சொல்லிட்டா என்ன பண்ணுவேன்?" கேட்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரி இப்படி வந்தது: "மரணம் அவள் குடலுக்குள் மெல்ல..." சீ! அடித்துவிட்டேன்.

2

அவளுக்கு வெற்றிச்செல்வி என்று பேர் வைத்தேன். குரும்பலூரில் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். நாலு வருஷமாகக் குடலில் புண். அவள் போடுகிற மாத்திரை உள்ளே செல்களைச் சாகடிக்கும் என்று மருந்துக்கடையில் யாரோ சொல்ல, குலை நடுங்கிவிட்டது. பட்டறைக் கொட்டகையில் சேமித்த வெங்காயத்தில் ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் அழுகும், அதைப் பார்த்தே வளர்ந்தவள். மூன்று மாதம் மாத்திரையை அரிசிப்பானைக்குள் ஒளித்துவைத்தாள். வயிறு வீங்கி, தின்றதெல்லாம் வாந்தியானது.

(இங்கே அவளைச் சாகடித்துவிடலாமா என்று நினைத்தேன். சோகம் நன்றாக எடுபடும். வெட்கமாயிருக்கிறது.)

3

அரியலூரில் டாக்டர் பிரவீணா ஸ்கேனைப் பார்த்தார்.

"வெட்டணுங்களா மேடம்?" கேட்டவன் புருஷன் கண்ணையன்.

"மாத்திரை ஒழுங்கா போட்டீங்களாம்மா?"

வெற்றிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் அழுகுகிற கதையையும் அரிசிப்பானையையும் சொன்னாள்.

டாக்டர் திட்டவில்லை. "குடல் பட்டறை இல்லம்மா. உள்தோல் நாலஞ்சு நாளைக்கு ஒருதரம் செத்துப் புதுசா வருது. மாத்திரை சாகடிக்கிறது வீங்கவைக்கிற செல்லைத்தான். புண்ணை ஆத்த வர்ற செல்லும் வேலை முடிஞ்சா சாகணும். சாகாம பெருகிக்கிட்டே போனாத்தான் தழும்பு தடிச்சு வழியை அடைக்கும். அப்ப வெட்டணும்."

"இப்பங்க?"

"இப்ப முக்காவாசி வீக்கந்தான். மருந்துல வத்திடும். வெட்ட வேணாம்."

அப்பாடா! அவள் வாய்விட்டு அழுதாள். "அரிசிப்பானையிலயா வச்ச, கிறுக்கு!" கண்ணையன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். எழுதிக்கொண்டிருந்த எனக்கும் மூச்சு வந்தது.*

* கொஞ்சம் தழும்பும் இருக்கிறது. அது வளருமா, அப்படியே நிற்குமா? டாக்டர் சத்தியம் பண்ணவில்லை. நான் யார் பண்ண?

4

பஸ்ஸில் போன் பேசிய அம்மா ஸ்டாண்டில் இறங்கிப் போய்விட்டார். அவருக்கு என்ன ஆனதோ, தெரியாது. அவருக்காகத்தான் இவளை வெட்டாமல் விட்டேன்.

ஆறு வாரம் கழித்து வெற்றிச்செல்வி குழைந்த சோற்றில் ரசம் விட்டுச் சாப்பிடுகிறாள். வாந்தி வரவில்லை. "இன்னொரு கரண்டி போடுங்க" என்கிறாள் கண்ணையனிடம்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, அவள் சாப்பிட்டு முடிக்கட்டும்.