நல்லையா என்ற கென்யாக்காரர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுங்களா. கரண்டு வர்றதுக்குள்ள ஒரு கதை சொல்லிடுறேன். நம்ம ஊர்ப் பெயர் ஒண்ணு கடல் தாண்டிப் போய், ஆளாகித் திரும்பி வந்த கதை.

ரங்கூன் பக்கம் தின்கன்ஜூனில் ருக்மணி டீச்சர் வீட்டு வாசலில் போன மாசம் ஒரு டாக்சி வந்து நின்றது. ஓட்டி வந்த செல்வம் தலையை நீட்டி, டீச்சரைப் பர்மியர் அழைப்பதுபோல, "சயாமா, உங்க தாத்தா வந்திருக்காரு!" என்றான்.

"அவரை எரிச்சு நாப்பது வருஷமாச்சு."

"அப்ப இவரு யாராம்? பாஸ்போர்ட்ல நல்லையான்னுதானே போட்டிருக்கு! கோயில்ல விசாரிச்சு உங்க வீட்டைக் காட்டினாங்க."

இறங்கியவர் கென்யாக்காரர், நல்லையா கமாவு. வயது எழுபத்திரண்டு. உட்கார்ந்ததும் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். யுத்தத்தில் லாரி ஓட்டும் சிப்பாயாக ரங்கூன் வந்த அவர் அப்பாவும், துறைமுகக் கூலி நல்லையாவும் சிநேகிதர்கள். வெள்ளைக்காரனுக்கு இனிக் குனிவதில்லை என்று இரண்டு பேரும் கையடித்துக்கொண்டார்கள். அப்பா கமாவு கென்யா திரும்பினால், அவர் நிலம் ஒரு துரையின் தோட்டமாகிக் கிடந்தது. அவர் இனமான கிகுயூ ஜனங்கள் சத்தியம் செய்துகொண்டு ஆயுதத்தோடு காட்டுக்குள் போனார்கள். மாவ் மாவ் என்றார்கள் அந்தப் போரை. கமாவுவும் போனார். போகுமுன், பிறக்கப்போகும் பிள்ளைக்கு ரங்கூன் சிநேகிதன் பெயரை வைக்கச் சொன்னார்.

"அப்பாவைத் தூக்கில போட்டாங்கம்மா. எங்க ஆளே ஒருத்தன், தலையில சாக்கைக் கவுத்துக்கிட்டு நின்னு கை நீட்டிக் காட்டினான். சாக்குல ரெண்டு ஓட்டை. அந்தக் கண்ணு யாருதுன்னு அம்மா சாகிற வரைக்கும் தேடினா." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எனக்குப் பேரன் பிறந்திருக்கான். எங்க வழக்கப்படி என் பெயரைத்தான் வைக்கணும். அந்தப் பெயருக்கு உடையவன் எப்படிப்பட்டவன்னு குலத்துப் பெரியவங்க கேக்கறாங்க. எப்படிப்பட்டவரும்மா உங்க தாத்தா?"

ருக்மணி டீ ஊற்றப் போனாள், ஊற்றாமலே திரும்பி வந்தாள். அவளுக்குத் தெரியும். நாற்பத்தாறாம் வருஷம் துறைமுக வேலைநிறுத்தத்தில் போலீஸ் அடித்த அடியில், கூட்டாளி சர்ஃபராஸ் ஒளிந்திருந்த வீட்டைத் தாத்தா காட்டிக்கொடுத்துவிட்டார். சர்ஃபராஸ் ஜெயிலிலேயே செத்துப்போனார்.

"தைரியசாலி," என்றாள்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியவில்லை அவளால். வழியில் ராணுவச் சோதனைச் சாவடியில் கூட்டமாகிவிடும் என்று செல்வம் ஹாரன் அடித்தான். அவர் ஏறிக்கொள்ள, வண்டி தெருமுனை திரும்பப் போனது. ருக்மணி நின்றாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். பிறகு பர்மாக் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். டீக்கடையே எழுந்து பார்த்தது. கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"பொய் சொல்லிட்டேன் ஐயா. எங்க தாத்தாவும் காட்டிக்கொடுத்தவருதான். சாக்கு போடல, அவ்வளவுதான் வித்தியாசம்."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். செல்வம் என்ஜினை அணைத்தான்.

"அப்புறம் எப்படி இருந்தாரு?" என்றார் அவர்.

"தன் பெயருக்கு அர்ச்சனையே பண்ணிக்கல. வெள்ளிக்கிழமை தவறாம சர்ஃபராஸ் பெயருக்குத்தான். 'சர்ஃபராஸுக்கு என்னய்யா நட்சத்திரம்?'னு குருக்கள் சலிச்சுக்குவாரு. 'நல்லதாப் பார்த்து நீங்களே ஒண்ணு போடுங்க சாமி'ம்பாரு தாத்தா." கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். "குழந்தைக்கு வேற பெயர் வையுங்க."

"எழுபத்திரண்டு வருஷம் ஒட்டிக்கிட்டது, எங்கேம்மா கழட்டறது? பேரனுக்கும் வைப்பேன். தைரியசாலின்னு மட்டும் சொல்ல மாட்டேன்." கதவைத் திறந்து, நகர்ந்து இடம் விட்டார். "ஏறி உட்காரு. அந்தக் கூட்டாளி பெயரை மெதுவாச் சொல்லு, எழுதிக்கறேன்."

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்க வீட்டை விட்டு வெளியே போனவங்க எல்லாரும் பொழுதோட திரும்பி வந்து, பயமில்லாம ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும். அடுப்பு அணையாம, குழந்தை குட்டியோட நல்லா இருங்க.