தலைகீழ் ஹேண்டில்

நுரைச்சோலை சைக்கிள் ஓட்டத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் மாவட்ட அணியில் இடம் கிடைக்கும். என் அண்ணன் ஃபஸ்லான் நானா தன் பழைய ரேசிங் சைக்கிளுடன் பெயர் கொடுத்திருந்தார். கையிலிருந்த காசு புது டயர்களோடு தீர்ந்துவிட்டது. சைக்கிளை முன்பு வைத்திருந்தவர் பூட்டிய சாதாரண ஹேண்டிலோ உயரமாக நின்றது.

"தலைகீழாப் பூட்டுங்க நானா. குனிஞ்சி ஓட்டினா காத்து மேலால போகும்" என்றேன்.

பூட்டினார். தொடங்கும் இடத்தில் அவருடைய கூட்டாளி இனாஸ் சிரித்தான்.

"என்ன மச்சான், மாடு கொம்பத் தொங்கப்போட்டிரிக்கி?"

"ஓம், உன்ன முட்டத்தான்!"

போகும்போது காற்று எல்லாரையும் தள்ளிக்கொண்டு போனது. ஆலங்குடாவில் திரும்பியதும் அதே காற்று முகத்தில் அடித்ததாம்.

முடிவுக் கோட்டை இருவர் கடந்துவிட்டார்கள். அடுத்து நானாவும் இனாஸும் ஒன்றாக வந்தார்கள். குனிந்திருந்த நானாவின் நாடி ஹேண்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரைச் சக்கர அளவில் முந்திவிட்டார்! உம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

இனாஸ் மூச்சு வாங்க வந்தான். "ஆருடா இப்பிடிப் பூட்டச் சொன்ன?"

நானா என்னைக் காட்டினார். நான் உம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"ஒளியாதீங்க தங்கச்சி, என்ட சைக்கிளையும் ஒருக்காப் பாருங்க."

"பாப்பன். ஆனா சும்மா இல்ல, காசு எடுப்பன்" என்றேன், உம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்தே.